மருத்துவர் ஐடா ஸ்கடரும் செவிலியர் பேச்சும்

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்வோர் அங்குள்ள தன்வந்திரி சன்னதியை அறிவர். அக்கோயிலின் ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்ட செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அதற்கும் நான்கு நூற்றாண்டுகள் முந்திய திருமுக்கூடல் கல்வெட்டோ, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில் பெண்டிரும் பணிபுரிந்தமையைக் குறிக்கிறது. நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண் தமிழகத்திற்குப் புதியவள் அல்லள். ஆயினும் அவளுக்கு முறையான கல்வி கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. அக்கல்வி இங்கு வேரூன்ற உழைத்தவருள் ஒருவர் ஐடா ஸ்கடர்.

இராணிப்பேட்டையில் 9.12.1870 அன்று மருத்துவப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்த இவருக்கு, இந்தியாவில் தங்கும் எண்ணமே இருந்ததில்லை. அமெரிக்காவில் படித்தவர், 1890இல் நோயுற்ற தாயைக் காணவே திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு, மூவர் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர்; ஒருவர் இஸ்லாமியர்; மற்றவரும் உயர்குடி இந்து. மூவர் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை தேர்ந்த மருத்துவர். உடனே புறப்பட ஆயத்தமாக இருந்தார். அயல் ஆடவரை மனைவியர் அறைக்குள் விட மூவரும் இசையவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவால் செய்யக்கூடியது ஏதுமில்லை. விடிவதற்குள் அம்மூவரும் இறந்தனர்.

அக்கணவர்களைக் கல்நெஞ்சர் என்று கூறுவது முறையன்று. நள்ளிரவில் அந்நியர் வாயிலுக்கு வந்து இறைஞ்சியவர்கள் அவர்கள். மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். உள்ளே சென்று அப்பெண்ணோடு பேசி, அவள் வலியை வெளியே சொல்லத்தக்க பெண்ணொருத்தி மட்டும் இல்லை.

ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் சிறு மருத்துவமனை தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அது 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனையாயிற்று. தாம் ஒருவர் எத்தனை வீடுகளுக்குள் நுழைய இயலும்? 1909இல் அங்கே செவிலியர் பள்ளி பிறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும், 1946இல் செவிலியர் பட்டப் படிப்பும் அதனைத் தொடர்ந்தன. 1960 மே மாதத்தில், தம் 89ஆம் வயதில், கொடைக்கானலில் மறைந்தார்.

இன்று திருச்சிராப்பள்ளி மருத்துவமனைகளில் திருவரங்கத்து மூதாட்டியும் நத்தர்வலி தர்கா வீதியின் இளம்பெண்ணும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். மாமனார் அருகிருக்க, எல்லாம் நலமே என்கிறாள் அவ்விளம்பெண். செவிலி திரையை இழுத்துவிட்டு, அருகே அமர்ந்து, மெல்லக் கேட்கிறாள். மூன்று நாளாக நில்லாத இரத்தப்போக்கு அப்போதுதான் சொல்லப்படுகிறது.