உறையில் கிடந்த ரிவால்வர்

ராம்பிரசாத் பிஸ்மில் முதன் முதலாக விலை கொடுத்து வாங்கிய ரிவால்வருக்கு 75 ரூபாய் கொடுத்தார். கேப்பு வைத்துச் சுடும் பழைய தினுசு அது. ஐந்து முறை சுடலாம் என்று சொல்லி விற்றார்கள். நாட்டு மருந்தைக் கெட்டித்துப் பரீட்சை செய்து பார்த்தபோது குண்டு பதினைந்து இருபது கஜ தூரம் போய் விழுந்துவிட்டது. ஆயுதத்தைப் பற்றி ஒன்றும் அறியாத இளைஞர்கள் ஏமாந்தனர். பிஸ்மிலின் தந்தை முரளீதரர் ஒரு காலத்தில் ஷாஜஹான்பூர் முனிசிபாலிட்டியில் மாதம் 15 ரூபாய்க்கு உழைத்தவர். அக்கணக்கின்படி அந்த உதவாத ரிவால்வரின் விலை ஒரு குடும்பத்தின் ஐந்து மாதச் சம்பளம்.

உபயோகமற்றதை விற்று, அதனுடன் சிறிது பணம் சேர்த்து, நல்லது ஒன்று வாங்குவதுதான் உலக வழக்கம். மாட்டையும் வண்டியையும் அப்படித்தான் மாற்றிக்கொள்கிறோம். ஆனால் இரகசியத் துப்பாக்கிக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பிஸ்மிலின் முப்பது வருஷ வாழ்க்கையில் நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி விளங்கும்.

அவர் 1897-ஆம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி ஐக்கிய மாகாணத்து ஷாஜஹான்பூரில் பிறந்தார். முன்னோர் குவாலியர் சமஸ்தானத்தில் சம்பல் நதிக் கரைக் கிராமத்தார். குடும்பச் சச்சரவால் ஊரைவிட்டு வந்த பாட்டனார் மருந்துக் கடை ஒன்றில் மாதம் மூன்று ரூபாய்க்கு வேலை பார்த்தார். பாட்டியார் பிறர் வீட்டுத் தானியத்தை அரைத்துக் கொடுத்து வீட்டைக் காத்தார். தாயார் மூலமதி பதினோரு வயதில் மருமகளாய் வந்தவர், எழுத்தறியாதவர். வீட்டு வேலை முடிந்த பின் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் எழுத்துக் கூட்டிக் கற்று, ஹிந்திப் புத்தகங்களைத் தாமே படிக்கும் நிலைக்கு உயர்ந்தார். பிஸ்மிலின் சரித்திரத்தில் ஆயுதத்திற்கு எதிரே நிற்கும் சக்தி சர்க்காரல்ல, இந்த அம்மையார்தான் என்பது நமது அபிப்பிராயம்.

ஆரிய சமாஜத்தின் தொடர்பு அவரது ஒழுக்கத்தைத் திருத்தியது. லாகூர்ச் சதி வழக்கில் பாயீ பரமானந்தருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட செய்தி 1915-இல் அவரை இரகசிய இயக்கத்தின் பக்கம் திருப்பியது. 1916 லக்ஷ்மணபுரி காங்கிரஸில் லோகமான்ய திலகரின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்ற இளைஞர் கூட்டத்தில் அவரும் இருந்தார். அங்கே இரகசியச் சங்கத்தாரின் பழக்கம் ஏற்பட்டது. சங்கத்தில் வீரம் நிறைய இருந்தது, பணம் இல்லை. அமெரிக்கா சுதந்திரம் பெற்ற வரலாற்றை ஹிந்தியில் புத்தகமாகப் போட்டு, அதன் ஆதாயத்தில் ஆயுதம் வாங்கலாம் என்று பிஸ்மில் யோசனை சொன்னார். அச்சுக் கூலிக்கு 200 ரூபாய் வேண்டும். தாயார் கொடுத்தார். புத்தகம் விற்றது, தாயாரின் கடனும் அடைந்தது, கையில் லாபமும் நின்றது. பிற்காலத்தில் சர்க்கார் அப்புத்தகத்தைத் தடை செய்தனர்.

அதன் பிறகே குவாலியர்ப் பிரயாணம். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைத் தொட முடியாதபடி செய்திருந்தது. சுதேச சமஸ்தானங்களில் கெடுபிடி அவ்வளவு இல்லை. ஆகவே பழைய கேப்புத் துப்பாக்கிகளைத் தேடி இளைஞர்கள் அங்கே போனார்கள். அப்படி வாங்கியதே முன் சொன்ன 75 ரூபாய்ச் சரக்கு. ஊர் திரும்பியதும் என்ன வாங்கி வந்தாய் என்று தாயார் கேட்டார். பிஸ்மில் ஏதோ சொல்லி மழுப்பினார். பணமெல்லாம் கரைந்து ஒரே ஒரு பவுன் மிஞ்சியிருந்தது. அதைத் தாயாரின் கையில் கொடுத்தார்.

இரகசிய ஆயுதத்தின் வியாபார முறையை நேயர்கள் கவனிக்க வேண்டும். அதற்கு விலை நிர்ணயம் இல்லை, ரசீது இல்லை, ஏமாற்றியவன் மீது பிராது கொடுக்கும் இடமும் இல்லை. வாங்கும்போது இரட்டிப்பு விலை. விற்க நினைத்தால், வாங்க வருகிறவன் யோக்கியனா, போலீஸின் ஆளா என்ற பயம். பயனற்ற கைத்துப்பாக்கியை வைத்திருந்தால் சிறை. விற்கப் போனாலும் சிறை. ஆதலால் பழையது மூலையில் கிடக்க, புதியதற்கு வேறிடத்திலிருந்துதான் பணம் வர வேண்டும். 1911-இல் மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரௌனிங் கைத்துப்பாக்கியை நாம் அறிவோம். அது போன்ற ஒன்று ஒருவன் கைக்கு வந்து சேர்வதற்கு முன் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை பேர் எதையெதை விற்றிருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிஸ்மில் அனுபவத்தால் தேர்ந்தார். கெந்தாலால் தீக்ஷிதர் என்ற பள்ளி ஆசிரியரின் கூட்டத்தோடு சேர்ந்தார். நல்ல ஆயுதங்களும் கிடைத்தன. 1918-இல் மைன்புரிச் சதி வழக்கு மூண்டது; பிஸ்மில் தலைமறைவானார். அந்நாட்களில் பிரயாகையில் ஒரு சம்பவம் நடந்தது. மாலையில் யமுனைக் கரையில் அவர் சந்தியாவந்தனத்தில் அமர்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. காதருகே ஒரு வெடிச் சத்தம், அடுத்து இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் சுடுகிறவர் அந்நியரல்ல, உடன் தங்கியிருந்த சொந்தக் கட்சித் தோழர்! முன்பு நேர்ந்து சமாதானமாகிப்போன ஒரு சச்சரவே காரணம். மூன்று குண்டுகளும் தவறின. மூவராய் வந்தவர்கள் ஓடிப்போனார்கள். பிஸ்மிலிடமும் ரிவால்வர் இருந்தது. ஆனால் அது தோலுறைக்குள் இருந்தது. அதை வெளியே எடுப்பதற்குள் எதிரிகள் மறைந்தனர். இன்னும் அரை நிமிஷம் அவர்களில் ஒருவன் நின்றிருந்தால் தம் குண்டுக்கு இரையாகியிருப்பான் என்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

எத்தனையோ சிரமப்பட்டு, யார் யாரிடமோ பணம் திரட்டித் தேடிய ஆயுதம், முதல் முதலாக உயிரைக் குறி பார்த்தது அந்நியனை அல்ல. ஒரு தோழன் சுட்டான். மற்றவன் சுடத் தயாராக இருந்தான். நடுவில் நின்றது ஒரு தோலுறை.

பிஸ்மில் பழி வாங்குவதாகச் சபதம் செய்துகொண்டார். தாயாரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் எல்லாவற்றையும் கேட்டறிந்தார். எதிரியையும் கொல்லக் கூடாது என்பது அவர் மகனுக்கு முன்னரே இட்டிருந்த கட்டளை. கொல்ல முயன்றவர்களைக் கொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யும்படி இப்போது வற்புறுத்தினார். மகன் தயங்கினார், ஏற்கெனவே சபதம் செய்தாகிவிட்டதென்றார். பெற்று வளர்த்த கடனுக்கு ஈடாக இதைக் கேட்கிறேன் என்றார் தாய். அதற்கு மேல் என்ன பதில் சொல்வது? போலீஸாருக்குத் தலை வணங்காதவர் அங்கே தலை குனிந்தார். அந்தக் கொலை நடக்கவில்லை.

சுமார் இரண்டு வருஷம் கிராமங்களில் ஒளிந்து, உழுதும் மாடு மேய்த்தும் காலம் கழித்தார். அரசரின் பொது மன்னிப்பு அறிக்கைக்குப் பின் 1920-இல் ஷாஜஹான்பூர் திரும்பினார். பழகியவர்கள் தெருவில் கண்டும் காணாததுபோல் விலகினார்கள். அந்த வருஷக் கடைசியில் நாகபுரி காங்கிரஸில், நமது சேலம் விஜயராகவாச்சாரியாரின் தலைமையில், ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதி செய்யப்பட்டது. தேசம் வேறு பாதையில் திரும்பிக்கொண்டிருந்த அக்காலத்தில் பிஸ்மில் பட்டு நெசவு கற்றார். பட்டுத் துணிக் கம்பெனி ஒன்றில் மானேஜராக இருந்தார். பிறகு கூட்டாகச் சேலை வியாபாரமும் நடத்தினார். சேலம் ஜில்லா ஜலகண்டாபுரம் போன்ற தறி ஊர்க்காரருக்கு இந்தச் செய்தி தனிச் சுவை தரும். பாவுக்கும் ஊடைக்கும் கடன் வாங்கி, சேலை விற்ற பின் கடனடைத்து, மிச்சத்தில் அடுப்பெரிக்கும் தொழில் அது. தறி ஓய்ந்து கிடந்தால் வீட்டில் பட்டினி. ரிவால்வரோ ஓய்ந்து கிடப்பதே அதன் சாதாரண நிலை. ஓய்ந்திருக்கும்போதும் அது செலவு வைத்துக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒரே மனிதர் கையாண்டார்.

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவுக்குப் பின் ஒத்துழையாமை நிறுத்தப்பட்டது. மனம் கசந்த இளைஞர் பலர் மீண்டும் பழைய வழியை நாடினர். சசீந்திரநாத சன்யால் முதலியோர் 1924-இல் ஹிந்துஸ்தான் குடியரசுச் சங்கத்தை அமைத்தபோது ஐக்கிய மாகாணத்தில் அதன் முக்கியப் பொறுப்பு பிஸ்மில் மீது விழுந்தது. பழைய சிக்கல் பெரிய உருவத்தில் திரும்ப வந்தது. ஊழியர்கள் கிழிந்த துணியும் சத்திரச் சோறுமாய் இருந்தார்கள். கடன் ஏறியது. வெளிநாட்டு ஆயுதம் தருவிக்க வழி தெரிந்தது, கையில் காசில்லை. கிராமத்துத் தனவந்தர் வீடுகளில் கொள்ளையிட்டனர். கிடைத்தது சொற்பம், உயிர்ச் சேதமும் நேர்ந்தது. நாம் விடுதலை தேடுவது யாருக்கு, கொள்ளையிடுவது யாரை என்ற கேள்வி பிஸ்மிலின் மனத்தை அறுத்தது. இனிக் குடிகளின் பணத்தைத் தொடுவதில்லை, சர்க்கார் பணத்தையே எடுப்பது என்று தீர்மானித்தார்.

1925 ஆகஸ்டு 9-ந் தேதி லக்ஷ்மணபுரிக்கு அருகே காகோரியில் ரயில் நிறுத்தப்பட்டது. வந்தவர்கள் பத்துப் பேர். ஜெர்மன் மௌஸர் துப்பாக்கிகள் வைத்திருந்தனர். அஷ்பகுல்லா இந்தச் செய்கை வேண்டாமென்று முன்னமே வாதாடியவர். தீர்மானம் ஆனபின் தாமும் வந்து பெட்டியை உடைத்தவரும் அவரே. பிரயாணிகளைத் தொடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. இருந்தும் ஒரு குண்டு தவறிப் பாய்ந்து, வண்டியிலிருந்து இறங்கிய பிரயாணி ஒருவர் மாண்டார். கிடைத்த தொகை ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. கடன்களைத் தீர்த்து, சுமார் ஆயிரம் ரூபாயை மேலும் ஆயுதம் வாங்க அனுப்பினார்கள். துப்பாக்கி கொண்டு பணம், அப்பணம் கொண்டு இன்னொரு துப்பாக்கி!

போலீஸாருக்குத் துப்புக் கொடுத்தது ஒரு துணி. சம்பவ இடத்தில் விழுந்து கிடந்த போர்வையின் சலவைக்குறி அவர்களை ஷாஜஹான்பூருக்கு அழைத்துச் சென்றது. செப்டம்பர் 26-ந் தேதி பிஸ்மில் கைதானார். சேலை வியாபாரத்தில் கூட்டாளியாயிருந்த பனாரஸிலால் அப்ரூவர் ஆனார். கைதான அன்றே கொத்தவாலில் காவலிருந்த முன்ஷி தூங்கிவிட்டார். தப்பிச் செல்வது வெகு சுலபம். தம்மை நம்பித் தூங்கிய ஏழையின் பிழைப்புக் கெடுமே என்று பிஸ்மில் நகரவில்லை. இதை நாம் ரயில் சம்பவத்தைவிட உயர்வாக மதிக்கிறோம்.

1927 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. கோரக்பூர்ச் சிறையில் தூக்கை எதிர்பார்த்திருந்த நாட்களில் பிஸ்மில் தமது வாழ்க்கையை எழுதினார். 75 ரூபாய் ஏமாற்றம், தோலுறை, தாயாரிடம் தோற்றது, கூட்டத்தாரின் பொறாமை, பிரயாணியின் சாவு எதையும் அவர் மறைக்கவில்லை. எழுதி முடிக்கும் தறுவாயில் வாலிபர்களுக்குத் தமது தீர்மானத்தைக் கூறினார். ரிவால்வர், பிஸ்டல் வைத்துக்கொள்ளும் ஆசையை விட்டு, உண்மையான தேச ஊழியராகுங்கள்; கிராமத்தாருக்கும் தொழிலாளருக்கும் கல்வி கொடுங்கள்; ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றுபடுங்கள் என்பது அதன் சாரம். இது தண்டனைக்கு அஞ்சியவர் பேச்சென்று சொல்லும் வீராவேசக்காரர் அன்றும் இருந்தனர். ஆனால் அந்தப் பக்கங்களைச் சர்க்கார் கையில் கொடுத்து அவர் எதையும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் வெளியே அனுப்பினார். பத்து வருஷம் ஆயுதம் வாங்கிப் பழகிய ஒருவர், அதனால் வந்ததையும் போனதையும் நேர்மையாகக் கணக்கிட்டு இந்த முடிவுக்கு வந்தார். அவரை வீரர் என்று கொண்டாடிவிட்டு இந்த முடிவை மாத்திரம் ஒதுக்குவது நியாயமாகாது. அதே சமயம், ஒத்துழையாமை திடீரென்று நின்ற 1922-இல் தறிப்பட்டறையில் தனித்திருந்த அந்த இளைஞனுக்கு ஒரு வேலை கொடுக்க நம்மவர்களிடம் திட்டம் ஒன்றும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைக்கு வேலையில்லாத இடத்தில்தான் மௌஸரின் மோகம் புகுந்தது.

டிசம்பர் 18-ந் தேதி தாயார் சிறைக்கு வந்து மகனைக் கண்டார். பிஸ்மிலின் கண்ணில் நீர் வந்தது, தாயார் கலங்கவில்லை. மறுநாள் 19-ந் தேதி காலை கோரக்பூரில் அவரும், பைஜாபாத்தில் அஷ்பகுல்லாவும், அலகாபாத்தில் ரோஷன் ஸிங்கும் தூக்கிலிடப்பட்டனர். ராஜேந்திர லாஹிரியை இரண்டு நாள் முன்னதாகவே கோண்டாவில் தூக்கிலிட்டாகிவிட்டது.

சிறையிலிருந்து கடத்தி வரப்பட்ட அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கான்பூரில் கணேஷ் சங்கர் வித்யார்த்தியின் பிரதாப் அச்சகம் 1928-இல் வெளியிட்டது. வாலிபர்கள் துப்பாக்கி ஆசையை விட வேண்டும் என்று முடிகிற அப்புத்தகத்தையும் சர்க்கார் பறிமுதல் செய்தனர்.