தோல் தொழிலுக்கு அறிவியல் தந்த நாயுடம்மா

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர், யெலவர்த்தி நாயுடம்மா. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் 1922-இல் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில்சார் வேதியியல் பயின்றார். சமூகம் தாழ்வாகக் கருதிய தோல் துறையைத் தமது துறையாக ஏற்று, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுச் சென்னை திரும்பினார்.

அத்துறையின் அறிவியல் எளிதானதன்று. நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள் எங்கே சென்று படியும் என்பதை அதன் மின்னூட்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. கரிமக் கரைப்பானில் மிதக்கும் பீங்கான் நுண்துகள்களை மின்புலத்தால் இழுத்து, உலோகத்தின்மீது பூச்சாகப் படியவைக்கும் இன்றைய நுட்பத்துக்கு அடிப்படை இதுவே. தோல் ஊறும் தொட்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. அமில நீரில் தோலின் புரதம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றின் துவர்ப்புத் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே, அவை தோலை நாடிச் சென்று பற்றிக்கொள்கின்றன.

தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கமாக இருந்த இத்தகைய அறிவை, அளவும் விதியும் கொண்டதாக்கி ஆலைகளுக்குக் கொண்டுசேர்ப்பதையே நாயுடம்மா தமது கடமையாகக் கொண்டார். 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1958 முதல் 1971 வரை இயக்குநராக இருந்தபோது, ஆய்வாளர்களை ஆலைகளுக்கும் ஆலையினரை ஆய்வகத்துக்கும் வரவழைத்தார். பின்னர் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநரானார்.

1970-களில் பதப்படுத்தாத தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் நமது ஆலைகள் மாற முடிந்ததற்கு, முன்னரே வளர்ந்திருந்த இந்த ஆய்வுத்தளம் துணைநின்றது.

1985 ஜூன் 23-இல் அட்லாண்டிக் கடலின்மீது குண்டுவெடிப்பில் சிதறிய ‘கனிஷ்கா’ விமானத்தில் மாண்ட 329 பேரில் நாயுடம்மாவும் ஒருவர்.

பட்டைச் சாற்றின் இடத்தைக் குரோமிய உப்பு பெருமளவு பிடித்துவிட்ட நிலையில், தோல் பற்றிக்கொள்ளாத எஞ்சிய குரோமியம் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பாலாற்றுப் பகுதியின் துயரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என 1996-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. நாயுடம்மாவின் அறிவியல் தோலுக்கு மதிப்புக் கூட்டியது. தொட்டியில் இட்ட உப்பு முழுவதும் தோலிலேயே தங்கும் வகையை ஆலைதோறும் நடைமுறையாக்குவதே, அவர் வழியில் ஆய்வகங்களும் ஆலையினரும் அரசும் இன்று இணைந்து செய்ய வேண்டிய பணி.