பளிங்கின் அகம் கண்ட சேர் கே. எஸ். கிருஷ்ணன்

பெரும் பொருளும் அரிய கருவிகளும் இன்றி விஞ்ஞான ஆராய்ச்சி நடவாது என்னும் எண்ணம் நம் மாணவர் பலரிடத்து உண்டு. அது முற்றும் பொருந்தாது என்பதற்குச் சேர் கே. எஸ். கிருஷ்ணன் அவர்களின் வாழ்க்கை சான்றாகும்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பாண்டி நாட்டு வத்திராயிருப்பு என்னும் ஊரிலே 1898 ஆம் ஆண்டு டிசெம்பர் 4 ஆம் திகதி பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயனச் செய்முறை ஆசிரியராகவும் பணியாற்றினார். பௌதிகத்தின்மீது கொண்ட வேட்கை அவரைக் கல்கத்தாவுக்கு ஈர்த்தது. அங்கே 1923 இல் சி. வி. இராமனின் ஆராய்ச்சி மாணவரானார்.

1928 இல் புதியதோர் ஒளிச்சிதறலை உலகுக்கு அறிவித்த கடிதத்தில் இராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரும் இருந்தது. 1930 இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே உரியதாயிற்று. அதற்கு முன்னரே, 1928 இன் இறுதியில், கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகம் சென்று தமக்கெனப் புதிய துறை ஒன்றை வகுக்கத் தொடங்கியிருந்தார். அதுவே பளிங்குகளின் காந்தவியல்பு ஆராய்ச்சி.

அவர் கையாண்ட முறை எளியது. சிறு பளிங்கொன்றை மெல்லிய குவாட்சு இழையில் தொங்கவிட்டுச் சீரான காந்தப் புலத்தில் நிறுத்துவார். பளிங்கின் காந்தவியல்பு திசைக்குத் திசை வேறுபடுமாதலின், புலம் அதனை ஒரு நிலையிலே பிடித்து வைக்கும். இழையின் தலையை மெல்ல முறுக்கினால், ஒரு கோணத்தில் அப்பிடி தளர்ந்து பளிங்கு சட்டெனத் திரும்பும். அக்கோணத்தைக் கொண்டு காந்தவியல்பின் திசை வேறுபாட்டைக் கணக்கிட்டார். நப்தலீன் முதலிய சேதனப் பளிங்குகளில் தட்டையான மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதும் இவ்வழியாலே புலனாயிற்று. இப்பொருள் பற்றி 1936 இல் கத்லீன் லோன்ஸ்டேல் அம்மையாருடன் கூட்டாகக் கட்டுரை வெளியிட்டார். கோபாற்று, நிக்கல் ஆகியவற்றின் உப்புகளையும் ஆராய்ந்து, உலோக அயனைச் சூழ்ந்துள்ள அணுக்களின் ஒழுங்கு அதன் காந்தவியல்பை எங்ஙனம் ஆளுகின்றது என வினவினார்.

1940 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. 1947 இல் டெல்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த அப்பெரியார் 1961 இல் மறைந்தார்.

அவர் எழுப்பிய வினா மறைந்திலது. கோபாற்று அல்லது நிக்கல் அயன்களைப் போமேற்று என்னும் சேதனக் கூறுகள் பிணைக்க, இடைவெளிகளில் மெதயிலமோனியம் அமர்ந்த பெரொவ்ஸ்கைற்று வகைப் பளிங்குகள் இன்று ஆராயப்படுகின்றன. அவற்றைக் குளிர்வித்தால், அணுக்கள் தம் இடத்தினின்றும் அலைபோல விலகுகின்றன. நமது மட்டக்களப்பு வாவியில் விரித்த வலையை நினைத்துப் பார்மின். கண்கள் ஒரே அளவின. அதன்மீது செல்லும் சிற்றலையின் நீளமோ அக்கண்களின் அளவோடு எளிய எண் விகிதத்திற் பொருந்துவதில்லை. ஆகவே எந்த இரு கண்களும் அலையின் ஒரே நிலையில் அமைவதில்லை. ஆயினும் வலையிலும் ஒழுங்குண்டு, அலையிலும் ஒழுங்குண்டு. இத்தகைய பொருந்தா அளவுப் பளிங்குகளிலும் அயனைச் சூழ்ந்த ஒழுங்குக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவையே அறிஞர் நாடுகின்றனர்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலும் இழையுண்டு, காந்தமுண்டு. கிருஷ்ணனிடம் அவற்றுக்கு மேலாக இருந்தது கூரிய வினாவும் தளராத பொறுமையுமே. அவை விலைக்கு வாங்கப்படுவன அல்ல. மாணவர் தாமே வளர்த்துக்கொள்ளத் தக்கவை.