துணி விற்று எழுந்த ஓவியக் கிராமம்

சென்னையின் தென்புறத்தில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டல ஓவியர் கிராமம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் காண்பவர்கள், அந்த நிலத்தை வாங்க உதவியவை கைவினைத் துணிகள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ்.பணிக்கர், 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தைக் காக்க இளம் வயதிலேயே தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்த அவர், 1936-ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவரானார். தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957-ல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும் தொடங்கியிருந்தார்.

படித்து வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவது அவரை உறுத்தியது. வயிற்றுப்பாடு கலையை எவ்வளவு காலம் தள்ளிவைக்கும் என்பதைத் தன் வாழ்விலேயே கண்டவர் அவர். ஓவியம் வாங்குவோர் அரிதாக இருந்த நகரில், அவர் கண்ட வழி கைவினை. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் ஓவியர்கள் செய்து விற்றனர். அந்த வருவாயில் கடலோர நிலம் வாங்கப்பட்டு, 1966-ல் கிராமம் பிறந்தது. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு. எஞ்சியது ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த தமது புகழ்பெற்ற ஓவிய வரிசையைப் பணிக்கர் இங்கும் தொடர்ந்தார். 1977-ல் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவருக்கெனத் தனி ஓவியக்கூடமே இருக்கிறது.

அந்தத் துணிகளோ விற்பனைப் பொருள்களாகவே கருதப்பட்டன. கலை, கைவினை என்ற இந்தப் பிரிவினை இங்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளைத் துண்டுத் துணிகளால் ஒரு மெத்தை விரிப்பில் தைத்தார். முதலில் விற்க மறுத்தவர், வறுமை நெருக்கியபோது 5 டாலருக்குக் கொடுத்தார். இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அந்தப் பெருமை முழுமையாக வந்து சேர்ந்தது.

நாமும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. வீடுகளில் எஞ்சியிருக்கக்கூடிய சோழமண்டலத் துணிகளைத் தேடிச் சேகரித்து, செய்தவர் பெயரோடு ஓவியங்களின் அருகில் வைக்கலாம். ஓவியருக்குச் சோறிட்ட கைவேலையை ஓவியத்துக்குக் கீழானதாகப் பணிக்கர் கருதவில்லை. நம் அருங்காட்சியகங்களும் கருத வேண்டியதில்லை.