சூசன் அந்தோணி அம்மையார் தேடிவைத்த செல்வம்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆடம்ஸ் என்னும் ஊரில் 1820ஆம் ஆண்டு தோன்றியவர் சூசன் அந்தோணி அம்மையார். மகளிர் வாக்குரிமைக்கென வாழ்நாளெல்லாம் உழைத்த அவர், தந்தையார் அறிவுரைப்படி மகளிரியக்கம் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை, புகழுரை இகழுரை என்னும் வேறுபாடின்றி ஏடுகளில் ஒட்டிப் பாதுகாத்து வந்தார்.

1872ஆம் ஆண்டு ராச்செஸ்டர் நகரில் வாக்களித்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு நீதிமன்றம் விதித்த 100 டாலர் தண்டத்தை அவர் இறுதிவரை செலுத்தினாரல்லர். அவ்வழக்கின் நடவடிக்கைகளை 1874இல் நூலாக அச்சிடுவித்து மக்களிடையே பரப்பினார். தாம் தொகுத்த ஏடுகளை 1903இல் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்திற்கு வழங்கினார்.

அம்மையார் 1906இல் மறைந்தார். பெண் என்பது பற்றி வாக்குரிமையை மறுத்தலாகாதென 1920இல் அரசியலமைப்புத் திருத்தப்பெற்றது. அந்நாளைக் காண அவர் இருந்திலர். ஆயினும், உரிமை எளிதில் வந்ததன்று என்பதற்கு அவ்வேடுகள் சான்றாய் நிற்கின்றன.