பட்டறையிலிருந்து வந்த பிரின்சிபால்

டிப்ளமோ முடிச்சா என்ன வேலைக்குப் போவேன்னு அம்மா கேட்கிறாங்க. கல்வராயன் மலை அடிவாரத்தில், எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வியை அன்றே கையில் எடுத்தவர் ஜி.டி.நாயுடு.

1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தார். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து, ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி மாட்டியே தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ். பிறகு அதுவே யு.எம்.எஸ். எனும் பெரிய கம்பெனியானது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார்.

அவர் கொடுத்த நன்கொடையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. 1945-ல் அவரே பிரின்சிபால்! ஆள் எடுத்து வேலை வாங்கியவர் என்பதால், பட்டறைக்கு எது தேவை என்று அவருக்குத் தெரியும். நான்கு வருடம் வீண், இரண்டே போதும் என்றார். (டிராயிங்கில் அரியர் வைத்த எனக்கு இதில் சந்தேகம்தான்.) வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டார். 1974-ல் மறைந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அவர் மனக்கணக்காக வைத்திருந்ததை நாம் ஏட்டில்தான் வைக்க வேண்டும். மார்க் விவரம் ஒரு பக்கம், வேலை விவரம் இன்னொரு பக்கம் கிடந்தால் எந்தப் பயிற்சி உதவியது என்று எப்படித் தெரியும்? நாங்கள் மூன்று பேர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம்: சீனியர் பெயர், பிராஞ்ச், இப்போ பார்க்கிற வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்து சீனியர் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.