தாது வருஷப் பஞ்சம்: மரணத்தை எண்ணி அரசோடு மோதிய டாக்டர் கார்னிஷ்

செய்தியில் இப்படி வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: இந்த மாதம் கடலூர் நகரில் 40 பேருக்கு டெங்கு, சிதம்பரத்தில் 20 பேருக்கு. எங்கே நிலைமை மோசம்? கடலூர்தான்னு சட்டுனு சொல்லத் தோணும். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் நகரின் மக்கள்தொகை சுமார் 1.73 லட்சம், சிதம்பரத்தில் சுமார் 62,000. லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் கடலூரில் 23, சிதம்பரத்தில் 32. கதையே தலைகீழ்!

எத்தனை பேருக்கு, மொத்தம் எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில்? நோய்ப்பரவலை அளக்க இந்த மூணு கேள்விதான் அடிப்படை. சுமார் 150 வருஷத்துக்கு முன்பு, இதே கேள்விகளோடு மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு டாக்டர் மேலிடத்தோடு மோதினார். அவர்தான் டபிள்யூ. ஆர். கார்னிஷ்.

யார் இந்த கார்னிஷ்?

ஆங்கிலேய அறுவை மருத்துவர். மெட்ராஸ் மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பற்றிய அறிக்கைகளை 1863-லேயே வெளியிட்டவர். பிறகு மாகாணத்தின் சுகாதார ஆணையர் ஆனார். 1870-ல் தென்னிந்தியாவில் காலரா எப்படி நகர்ந்தது என்று தொகுத்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியதும் இவரே.

இதைச் சும்மா ஒரு அரசாங்க வேலை என்று தள்ளிவிட முடியாது. மாகாணத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே, செத்தவர்களின் எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும்?

ஒரு பவுண்ட் தானியம்

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. நிலைமையைப் பார்க்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். முந்தைய பீகார் பஞ்சத்தில் அதிகம் செலவழித்ததாகத் திட்டு வாங்கியவர், இந்த முறை சிக்கனத்தில் இறங்கினார். நிவாரணப் பணியில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்ட் (சுமார் 450 கிராம்) தானியமும் ஒரு அணாவும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை பவுண்ட் தானியம், கூடவே காய்கறி, பருப்பு வேண்டும் என்றார். மண் சுமக்கிறவருக்கு ஒரு பவுண்ட் எப்படிப் போதும் என்பதே அவர் வாதம்.

94 சதவீதம்னா என்ன?

1877-ல் நிவாரண முகாம்களின் சாவுக் கணக்கை கார்னிஷ் எடுத்தார். வெறும் எண்ணிக்கையாகச் சொன்னால் மேலிடம் தட்டிக்கழிக்கும். முகாமில் ஆட்கள் தினமும் வருகிறார்கள், போகிறார்கள், ஒப்பிடவும் முடியாது. அதனால் ஒரு மாத மரணத்தை, அதே வேகம் ஒரு வருஷம் நீடித்தால் என்ன ஆகும் என்று மாற்றினார். வந்த விடை: ஆண்டுக்கு 94 சதவீதம். அதாவது, மாதா மாதம் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 8 பேர் சாகிறார்கள்.

டெம்பிள் மசியவில்லை. ஆனால் மெட்ராஸ் அரசு 1877 மார்ச்சில் பாதி வழி இறங்கி வந்தது: தானியம் ஒன்றேகால் பவுண்ட், கூடவே கொஞ்சம் பருப்பு.

பதிவேட்டில் இல்லாத சாவுகள்

இன்னொரு சிக்கல் இருந்தது. பிறப்பு, இறப்பைக் கிராம அதிகாரிதான் எழுதுவார். ஊரை விட்டுக் கிளம்பி வழியில் விழுந்தவரை யார் எழுதுவது? எனவே 1878 மார்ச்சில், பஞ்சம் பாதித்த மாவட்டங்களில் சில வட்டங்களை மட்டும் எடுத்து மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. 1871-ல் இருந்தவர்களில் இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று ஒப்பிட்டால், எழுதப்படாத சாவுகளும் ஓரளவு தெரியவரும் இல்லையா?

1881 கணக்கெடுப்பு அதை உறுதிசெய்தது. சேலம் மாவட்டத்தில் 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 16 லட்சமாகச் சரிந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காட்டில் 17.6 லட்சம் 18.1 லட்சமாக ஏறியது. சிதம்பரம் பக்கம் கீழணைப் பாசனமும் வீராணம் ஏரியும் இருந்தன. அதற்காகத் தென்னாற்காட்டில் யாரும் சாகவில்லை என்று அர்த்தமில்லை. பத்து வருஷப் பிறப்பும், உள்ளே வந்தவர்களும் அந்தக் கூட்டுத்தொகையில் கலந்திருக்கிறார்கள். மாவட்ட சராசரி ஒரு வட்டத்தின் துயரத்தை மறைத்துவிடும்.

கார்னிஷ் பின்னாளில் மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார். அந்தப் பஞ்சத்தில் இந்தியா முழுக்க இறந்தவர்கள் 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் இன்றும் வேறுபடுகின்றன. இடையில் நிற்கும் அந்த 40 லட்சம், சாவுகள் சரியாக எண்ணப்படாமல் போனதன் அடையாளம்தான்.